நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த மனு

அக்கா,

புதுக் கலையரங்கத்துக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனேன். மகளின் பள்ளி நாடகம். அவளைத் தேடி மேடைக்குப் பின்னால் போனபோது முகப்பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. உடனே உங்கள் நினைவுதான். நடைவழியில் இரண்டு பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பிடித்திருக்க, அதன் மறைவில் இன்னொருத்தி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். சட்டென்று திரும்பி வந்துவிட்டேன்.

பகலில் நம் லாரி புக்கிங் ஆபீசில் டைப் அடிப்பீர்கள், திருவிழா இரவுகளில் நாடகத்தில் நடிப்பீர்கள். ஜலகண்டாபுரம் திருவிழாவில் உங்கள் நாடகம் பார்க்க ஆபீசே திரண்டு வந்ததே. வேஷம் மாற்ற இடமில்லாமல் நம் லாரி மேல்தான் ஏறினீர்கள். கீழே நின்று தார்ப்பாயை இழுத்துப் பிடித்தவன் நான். "காத்தடிக்குதுங்க தம்பி, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றீர்கள். ராணியாக இறங்கி வந்தபோது சிரித்தீர்கள். முந்தானையை மட்டும் இறுகப் பிடித்திருந்தீர்கள்.

இதைக் கண்ணால் பார்த்தவன்தான், அக்கா, நான்.

பிறகு கலையரங்கத் திட்டம் வந்தது. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வராத ஊருக்குக் கோடிக்கணக்கில் அரங்கம் எதற்கு என்று ஊரே இரண்டுபட்டது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவன் நான். கேட்டது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் மனுவில் ஒரு வரி எழுதினேன்: கூத்தாடுகிறவர்கள் பவுடர் பூசிக்கொள்ள நான்கு அறைகள் எதற்கு?

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதை நீங்கள்தான் டைப் அடித்துக் கொடுத்தீர்கள். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றது.

"இது இருக்கோணுங்களா தம்பி?"

"இருக்கட்டுங்க்கா. அதுதான் நறுக்குன்னு இருக்குது."

மறுபடி அடிக்கத் தொடங்கினீர்கள்.

அரங்கத்தை எங்களால் நிறுத்த முடியவில்லை. செலவைக் குறைக்கிறோம் என்று அந்த நான்கு ஒப்பனை அறைகளை மட்டும் அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். முகப்பு வளைவும் கண்ணாடியும் அப்படியே நிற்கின்றன. அதையும் வெற்றி என்று சொல்லி நான் ஆபீசில் மிட்டாய் கொடுத்தேன். நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு, "நல்லதுங்க தம்பி" என்றீர்கள். அரங்கம் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனுவின் நகலைத் தேடி எடுத்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடித்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. படித்துப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்; நான் எப்போதும் அப்படித்தான் என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்திருக்கிறீர்கள், அக்கா.