ஒரு முழம் இறங்கிய கண்ணாடி

மார்ச் 3

அன்புள்ள சுருட்டைக்கு,

அண்ணி எழுதுகிறேன். தோளைத் தவிர மற்றெல்லாம் நலம். தொலைபேசியில் பேசினால் நீ 'ம்' என்பாய். அது சம்மதமா கொட்டாவியா என்று விளங்குவதில்லை. ஆகவே கடிதம்.

என் தமையனார் இல்லத்தில் ஓய்வு என்ற பெயரில் சிறையிருக்கிறேன். இங்குள்ள பிசியோதெரபிப் பெண் விளக்கினாள்: தோள் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே, உரசாமல் வழுக்கிச் செல்வதற்கென்று நீர் கொண்ட சிறு பை ஒன்று உள்ளதாம். எனக்கு அது வீங்கியிருக்கிறது. இரண்டு முறை ஊசி போட்டும் ஏன் திரும்புகிறது என்று கேட்டேன். "ஊசி வீக்கத்தைத்தான் குறைக்கும் மேடம். வீங்க வெச்ச காரணம் அப்படியே இருந்தா அந்தப் பை என்ன பண்ணும், பாவம்?" என்றாள்.

நீ இப்போது பார்த்துக்கொள்ளும் என் பார்லருக்கு டீச்சரம்மா வந்தால், நான் திரும்பும்வரை பொறுக்கச் சொல். பதினொரு ஆண்டுகளாக அவர் தலையில் வேறு கை பட்டதில்லை. நீ படித்துச் சான்றிதழ் வாங்கியவள். நான் என் தலைமுடியையே வெட்டிப் பாழாக்கிக் கற்றவள். அதை மறவாதே.

இப்படிக்கு,
உன் அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள். அண்ணன் நலம். நான் போடும் டீ நன்றாக இருக்கிறது என்கிறார்; வேறு வழியில்லாமல்தான்.

டீச்சரம்மாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை எனக்குப் பணி நிறைவு விழா. உங்க அண்ணி தோளுக்காக நான் பரட்டைத் தலையோட மேடை ஏறணுமா?" என்று உட்கார்ந்துவிட்டார். வெட்டிவிட்டேன். கை லேசாக இருக்கிறது என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. பார்லர் சுவர்க் கண்ணாடியை ஒரு முழம் இறக்கி மாட்டியிருக்கிறேன். காரணம் நேரில் சொல்கிறேன்.

சுருட்டை

மார்ச் 14

சுருட்டைக்கு,

கை லேசாம்! அப்படியானால் பதினொரு ஆண்டுகளாக என் கை என்ன, அம்மிக்கல்லா?

காலையும் மாலையும் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறேன். சுவரில் விரல்களை நடக்க விடுகிறேன். அந்தப் பிசியோதெரபிப் பெண் நேற்று, "வேலை பாக்கும்போது கை எவ்ளோ உசரத்துல நிக்கும்?" என்று கேட்டாள். "தேவையான உயரத்தில்" என்று விடையளித்தேன். என் தொழிலில் குறை காண இவள் யார்?

நீதான் யார்? அந்தக் கண்ணாடி, கடை திறந்த அன்று முக்காலி மேலேறி நான் அறைந்த ஆணியில் தொங்கியது. தெருவில் போகிறவர் கண்ணிலும் படவேண்டும் என்றுதான் அத்தனை உயரம். என் நாற்காலியை எடுத்துக்கொண்டாய், டீச்சரம்மாவை எடுத்துக்கொண்டாய், உன் அண்ணனின் டீயைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது சுவரையும் உன் பெயருக்கு மாற்றிக்கொண்டாயோ?

கண்ணாடி பழைய ஆணிக்கு ஏறட்டும். இல்லையெனில், நான் வரும்போது நீ அங்கிருக்க வேண்டியதில்லை.

அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

பேருந்து நிலையத்தருகே இருக்கும் பார்லரில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமையோடு இங்கே நின்றுகொள்கிறேன். சீப்புகளைக் கழுவி வைத்துவிட்டேன்.

காரணத்தை எழுதினால், 'எனக்கே பாடம் நடத்துகிறாயா' என்பீர்கள். எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும். உங்கள் சாவியால் திறந்து, யாரையாவது உட்கார வைத்து, நாற்காலிக்குப் பின்னால் ஒரு முறை நில்லுங்கள். அதன் பிறகு கண்ணாடியை எங்கே வேண்டுமானாலும் மாட்டுங்கள்.

சுருட்டை

மார்ச் 23

அன்பிற்குரிய சுருட்டைக்கு,

நேற்று கடைக்கு மட்டும் வந்து, உன்னைப் பார்க்காமலே தமையனார் இல்லம் திரும்பினேன். கண்ணாடியை ஏற்ற வேண்டும் என்ற முடிவோடுதான் வந்தேன். முக்காலியைக்கூட எடுத்துவிட்டேன். ஆயினும் நீ எழுதியபடி உன் அண்ணனைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினேன். "என்னடி, மொட்டையா?" என்று பயந்தார்.

நாற்காலி தாழ்ந்திருந்தது, அப்படியும் கண்ணாடியில் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது. சீப்பை எடுத்து உச்சி வகிடு எடுத்தேன். என் முழங்கை விலாவை விட்டு நகரவில்லை. வலிக்கும் என்று பல்லைக் கடித்திருந்தேன். வலி வரவில்லை.

அந்த உயரமான கண்ணாடியில் முகம் தெரிவதற்காக, வந்தவர் அத்தனை பேரையும் நாற்காலியோடு மேலே ஏற்றினேன். ஏற்றிவிட்டு, குள்ளமான நான் தோளுக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்தே பதினொரு ஆண்டுகள் வெட்டியிருக்கிறேன். அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் இன்று உண்மையான உயரத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வாரத்திற்கு அரைநாள் வேலை மட்டும், கை தோளுக்குக் கீழே, பயிற்சியை நிறுத்தக்கூடாது என்று உத்தரவு.

நேற்று கடை அலமாரியில் வலிக்களிம்பு ஒன்று பாதி பிதுக்கிக் கிடந்தது. எனதன்று. யாருடையது என்று உன் அண்ணனைக் கேட்டேன். "அவளோடதுதான். அவ நெட்டைக்கு அவ்ளோ தாழ்ந்த நாற்காலி சரிப்படுமா? நாளெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. 'அண்ணி வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பழகட்டும்'னு ஏத்தவே இல்ல" என்றார்.

உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, அது ஊசிக்கும் ஒத்தடத்திற்கும் அடங்காது. ஆனால் நீ வேறு பார்லருக்குப் போவதை நான் ஒப்பவில்லை. வரும் திங்கட்கிழமை வந்துவிடு. டீச்சரம்மாவின் தலை ஒரு முறை உனக்கு, மறுமுறை எனக்கு.

என் கண்ணாடியை அதே தாழ்வில் பக்கத்தில் நகர்த்திக்கொள்கிறேன்; என் பழைய ஆணியைப் பிடுங்கவில்லை. உனக்கென்று இரண்டாவது நாற்காலிக்கும், அந்த ஆணியில் மாட்ட ஒரு கண்ணாடிக்கும் சொல்லியிருக்கிறேன். நீ நிமிர்ந்து நின்று வெட்டலாம்.

அது என் கண்ணாடியைவிட இரண்டு விரல் சிறியது. அதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணி