சும்மா நின்ற ஏழு பேர்

நானா,

இன்று காலை கடையில் உங்கள் மருமகன் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதினார். சூடேறிய தூசியின் அந்த வாசம் வந்ததும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

பன்விலத் தேயிலைத் தொழிற்சாலையை மூடிய பிறகு, கட்டுகஸ்தோட்டையில் உங்கள் கம்ப்யூட்டர் கடையைக் கூட்டித் துடைக்க வந்தவன் நான். ஒரே வாரத்தில் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தீர்கள். அண்ணனைக் கூப்பிடுவது போல நான் உங்களை நானா என்பேன்; என் தலை முழுக்க நரைத்த பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டீர்கள். என் வீட்டுத் தேங்காய்ச் சம்பலில் உறைப்பு கூட என்று தினமும் குறை சொல்வீர்கள். சொல்லிக்கொண்டே முழுவதையும் முடித்துவிடுவீர்கள்.

கலியாண வீடியோ செய்யும் செல்வி புது மெஷினைத் தூக்கிக்கொண்டு காலை கடை திறந்ததுமே திரும்பி வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? அவளுடைய பழையதில் வேலை செய்யும் மூளை, அதுதான் கோர், இரண்டு, இதில் எட்டு, நாலு மடங்கு வேகமாக ஓடும் என்று சொல்லி நீங்கள்தான் விற்றிருந்தீர்கள்.

"என் பழைய மெஷினே தேவலை நானா. நாளைக்குக் காலையில கலியாணப் பொண்ணு வெளிநாடு போகுது. வீடியோவைக் கையில குடுத்து அனுப்புறேன்னு அதோட அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

வேலை முடிய நாளை மத்தியானம் ஆகும் என்று திரை காட்டியதாம். உங்கள் முகம் சுருங்கிப் போனது. கடைப் பெயரைவிட உங்கள் வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவள் அவள்.

முதலில் க்ளாக் வேகத்தை, கோர் ஓடும் வேகத்தை, கூட்டிப் பார்த்தீர்கள். விசிறி அலறியது, இதே வாசம் வந்தது, மெஷின் தானாக அணைந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் ஒருத்தர் கொழுந்து அரைக்கும் ரோலரை வேகமாக ஓட்டப் போய்க் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போன கதையைச் சொன்னேன். பிறகு தோட்டத்துத் துரை வேகத்தைக் கூட்டவில்லை, இன்னொரு ரோலர்தான் வாங்கிப் போட்டார்.

"அதுக்குத்தான் தம்பி இதுலயும் எட்டு வெச்சிருக்காங்க. பொறகு ஏன் ஓடுதில்ல?"

மறுபடி போட்டபோது திரையில் கோருக்கு ஒன்றாக எட்டுக் கட்டம் வந்தது. எழுத்துதான் புரியாது, படம் புரியும். ஒரு கட்டத்தில் கோடு உச்சியில் ஒட்டி நின்றது. மற்றவற்றில் தரையில் கிடந்தது.

"நானா, ஒருத்தன் மூச்சு வாங்குறான். ஏழு பேரு சும்மா நிக்கிறாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். செல்வியின் மென்பொருள் பழையது. அதற்கு ஒரு கோரிடம் மட்டும்தான் வேலை வாங்கத் தெரியும். அந்த ஒன்றோ, பழைய மெஷினில் இருந்ததைவிட மெதுவாக ஓடுவது. அப்புறம் எட்டு இருந்து என்ன?

ரோலர்களுக்குக் கொழுந்தைக் கூறு போடுவது போலக் கலியாணத்தைக் கூறு போட முடியாதா என்று கேட்டேன். சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மணவறை, தாலி, விருந்து, வழியனுப்பு என்று நாலாக வெட்டி, அதே மென்பொருளை நாலு தடவை திறந்து, நாலையும் ஒரே நேரத்தில் ஓட விட்டீர்கள். நாலு கட்டத்தில் கோடு ஏறியது. பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபோது நாலும் முடிந்திருந்தது.

நாலையும் ஒட்டும் வேலை மறுபடி ஒருத்தன் தலையில்தான் விழுந்தது. ரோலர் எத்தனை இருந்தாலும் கொழுந்து காய ட்ரையர் ஒன்றுதானே என்றேன். வாயை மூடச் சொன்னீர்கள். ஆனாலும் அன்று பொழுது சாய்வதற்குள் அவள் கையில் வீடியோ இருந்தது.

அவள் உங்களுக்கு நன்றி சொன்னாள். கடை நிறைய ஆட்கள் இருக்க நீங்கள் சொன்னீர்கள்: "பிழை என்ட பக்கம், புள்ள. கண்டுபுடிச்சது இந்தத் தம்பி."

அதற்குப் பிறகு யார் வந்து எத்தனை கோர் என்று கேட்டாலும், என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்காமல் நீங்கள் எதையும் விற்றதில்லை. இன்று ஒருவர் அதையே கேட்டு வந்தார். உங்கள் மருமகன் வாயைத் திறக்குமுன் நான் கேட்டுவிட்டேன், "என்ன வேலைக்கு?"

மடவளையில் உங்களை அடக்கம் செய்யச் சந்தூக்கில் தூக்கிப் போன அன்று, நாலு எட்டு வைப்பதற்குள் தோள் மாறிக்கொண்டே இருந்தது. நானும் ஒரு தோள் கொடுத்தேன். ஒருவருக்கும் பாரம் தெரியவில்லை. இந்தக் கடையில் நீங்கள் உட்காரும் கதிரைக்கு எதிரே உட்கார்ந்து உங்களை நினைக்கிற வேலைக்கு மட்டும் தோள் மாற்ற ஆளில்லை நானா. யாராவது வந்து கேட்டாலும் அந்தப் பாரத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.