செருப்பை ஒளித்த பிள்ளை

அன்பு மகன் நிதுஷனுக்கு,

மாரியம்மன் துணையில் நான் சுகமாகத்தான் இருக்கிறேன், கட்டாரில் உனக்கும் ஒரு நோய்நொடி அண்டக்கூடாது என்பதே என் வேண்டுதல். ஜமால்தீன் நானாவின் மகன் அங்கே வருகிறானாம், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன் எடுத்தால் நல்லாயிருக்கேன், வேலை இருக்கு என்று வைத்துவிடுகிறாய், பிறகு நான் யாரிடம்தான் பேசுவது? அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு ரேடியோவிடம்தான் பேச்சு.

தோட்ட வேலையை விட்டு நாலந்தா ஊரில் மொண்டிசூரி பாலர் பள்ளிக்கு உதவி டீச்சராகப் போகிறேன் அல்லவா, அங்கே பஹ்மிதா என்று நாலு வயதுப் பிள்ளை. அதன் உம்மா கொண்டுவந்து விட்டதும், அவர் வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றை ஒளித்துவிடும். தேடி எடுப்பதற்குள் அவருடைய கார்மென்ட் ஃபெக்டரி பஸ் போய்விடும். அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவள் நான், என்னிடம் விட்டிருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். பெரிய டீச்சர் நிலக்ஷி, உன்னைவிடச் சின்னவள், ஏசவும் வேண்டாம், ஒரு கிழமை முழுக்கப் பார்த்து எழுதுங்கள் என்று கொப்பியைக் கையில் தந்தாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். வேறு யார் செருப்பையும் அது தொடவில்லை. வாப்பா கொண்டுவந்து விட்ட இரண்டு நாளும் ஒன்றும் செய்யவில்லை. அழுமே என்று பயந்து உம்மா தினமும் சொல்லாமல் நழுவிவிடுகிறார், அதுதான் விஷயம். இப்போது சொல்லிக்கொண்டு புறப்படுகிறார், செருப்பை எடுத்து வைப்பது பஹ்மிதாவின் வேலை. அழும், ஆனாலும் எடுத்து வைக்கும்.

நீயும் ஒளித்தாய் மகன். தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று நீ தூங்கும்போதே நழுவிவிடுவேன், ஒருநாள் என் செருப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்திருந்தாய். கொழுப்பு என்று அந்தச் செருப்பாலேயே அடித்தேன். பிறகு நீ ஒளிக்கவே இல்லை, பையன் திருந்திவிட்டான் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பெருமை பேசினேன். என்னிடம் எதையும் சொல்வதையும் அன்றோடு விட்டுவிட்டாய் என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் உறைக்கிறது. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

வெயிலில் தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய். ஊருக்கு வா என்று கட்டாயப்படுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை நீ சமைக்கும்போது மட்டும் வீடியோவைப் போட்டு ஓரமாக வை, மறந்துவிடாதே. நீ பேசக்கூட வேண்டாம், நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுதர்சினி