யாரை முதலில் அனுப்புவது

டாக்டர்,

இன்று காலை ஜீப்பில் நால்வரைக் கொண்டுவந்தார்கள். சிராய்ப்புகள்தான். ஆனால் அவர்கள் துணியெல்லாம் கருகிய பிரேக்கின் வாடை. இந்த மலை ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்தும் அந்த வாடை எனக்கு இன்னும் பழகவில்லை. அவசரமில்லாதவர்களுக்கான பச்சை நாடாவைக் கட்டிவிட்டு, "நாலும் பச்சைங்க டாக்டர்" என்று நீங்கள் வழக்கமாக நிற்கும் பக்கமாகத் திரும்பிச் சொல்லிவிட்டேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் "சரி" என்றார். நீங்களாக இருந்தால் "நாலாவது ஆளோட மூச்ச எண்ணுனீங்களா சிஸ்டர்?" என்று நோண்டியிருப்பீர்கள். புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன பிறகு என்னோடு சண்டை போட ஆளில்லை.

எத்தனை சண்டை! உடனே பார்க்க வேண்டியவர் என்று நான் சிவப்பு நாடா கட்டினால், கொஞ்சம் காத்திருக்கலாம், மஞ்சள் என்பீர்கள் நீங்கள். முடிந்ததும் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மிளகாய் பஜ்ஜி வரும். எண்ணெய் சரியில்லை என்று திட்டிக்கொண்டே முக்கால்வாசியை நீங்களே தின்பீர்கள்.

குப்பனூர் பாதையில் எஸ்டேட் வேன் கவிழ்ந்த அந்த மதியம் மட்டும் சண்டைக்கு நேரமில்லை. இருவருக்குச் சிவப்பு. ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செம்மநத்தத்துக்காரர் ஒருவருக்குத் தலையில் அடி. இருவரையும் சேலத்துக்கு அனுப்பியாக வேண்டும். வாசலில் நின்றது ஒரே ஆம்புலன்ஸ், அதில் ஒரே படுக்கை. உங்கள் இரண்டு கைகளும் தலையில் அடிபட்டவருடைய மூச்சோடு போராடிக்கொண்டிருந்தன. நிமிராமலே கேட்டீர்கள்.

"ரெண்டு பேரையும் பாத்தது நீங்கதான். யாரு முதல்ல, சிஸ்டர்?"

"அந்தப் பொண்ணுங்க."

"அனுப்புங்க."

அவள் பிழைத்தாள். அடுத்த வண்டி மலையேறி வருவதற்குள் அவர் நம் கையிலேயே போய்விட்டார்.

"எம் புருசன ஏனுங்க அனுப்பல?" என்று அவர் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள்.

"முடிவு பண்ணுனது நாந்தாம்மா."

அந்த அம்மா வாசல் மண்ணை வாரி உங்கள் மேல் தூற்றினார். நீங்கள் அசையவே இல்லை. பிறகு நான் கோபமாகக் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"பொய் என்ன? 'அனுப்புங்க'ன்னது நாந்தானே. நாளைக்கும் நீங்க பயப்படாம யாரு முதல்லன்னு சொல்லணும்ல" என்றீர்கள், கண்ணாடியில் படிந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே. அப்போது கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பீர்கள்.

அந்த அம்மா மாதாமாதம் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வருகிறார். இன்றும் வந்தார்.

"ஏனுங்க சிஸ்டரு, அந்தக் கண்ணாடி டாக்டரம்மாவக் காணமே?"

நீங்கள் இறந்ததைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வர்றப்பெல்லாம் அவங்களப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குவேனுங்க. ஒரு வார்த்த பேசமாட்டாங்க, எங் கோவத்த நின்னு வாங்கிக்குவாங்க. நொம்பப் பாரமா இருந்தா அதுக்குன்னே பஸ் ஏறி வருவேன். இனி யாருகிட்டப் போறதுங்க?"

என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன், டாக்டர்.

"அன்னிக்கு அந்தப் பொண்ண முதல்ல அனுப்பச் சொன்னது நாந்தானுங்கம்மா."

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்பதைச் சொல்லவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு மாத்திரையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதமும் வருவார். நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்.