என் பெயரில் குணாளனின் மூச்சு

தர்ஷினிக்கு,

நவம்பர் 14, காலை 10.20. நீ நடத்தும் நுரையீரல், ரத்தக்குழாய் ஆய்வுக்காக எங்கள் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் மூச்சை அளக்கும் கருவியில் ஊதியவர்கள் 63 பேர். நீ அடுத்த அறையில் இருந்தாய். என் பெயரில் ஊதியது உலையில் வேலை செய்யும் குணாளன், பழவேற்காட்டில் முக்குளித்து வளர்ந்தவன்.

"இன்னா சார், டாக்டரம்மாவுக்கு பயந்துகினியா?" என்று சிரித்துவிட்டு ஊதினான்.

சாயங்காலம் நீ, "உங்க லங்ஸ் சூப்பர்பா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். இன்னொருவன் மூச்சுக்கு நீ மகிழ்ந்ததைப் பொறுக்க முடியவில்லை. அவனைப் பார்த்தாலே எரிகிறது.

மூன்று மாதமாக, ஒரு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

இனி செய்யப்போவது:

1. உன் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே உள்ள அளவை உன்னையே நீக்கச் சொல்வேன்.
2. திங்கட்கிழமை உன் கண்முன் நானே ஊதுவேன்.
3. எவ்வளவு குறைவாக வந்தாலும், நீ சொல்லும் மருந்தைச் சாப்பிடுவேன்.

உன் வீட்டுக்காரன்