மிஞ்சினால்தான் கொள்ளிடம்

இன்று காலை திருமானூர் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். புதுத்தண்ணீர் வாடை. கொள்ளிடம் செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போகிறது. நீ செத்து ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இதே பாலத்தில் நின்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வயலுக்கு. வடக்கே நம் பக்கம் வருவது கொள்ளிடம், அணைக்கரை தாண்டிப் பழையாறில் கடல். "அங்க மிஞ்சுனாத்தான் மாப்ள நமக்கு" என்பாய். "பாடம் கேக்க முடியாமத்தான் பாலிடெக்னிக்க விட்டு ஓடியாந்தேன். நீ வேறயா?" என்பேன். ஒரு வெள்ளத்தோடு கூடவே பைக்கில் கடல்வரை போக வேண்டும் என்று உனக்கு ஆசை.

லாரி அடித்த மூன்றாம் நாள் நீ ஒரு கலயத்தில் இருந்தாய். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியென்றால் மணலில் ஊற்றுத் தோண்டிச் சாம்பலைக் கரைப்பதுதான் நம்மூர் வழக்கம். உங்கப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார். நான்தான் போனைக் காட்டித் தடுத்தேன். "முக்கொம்புல தொறந்துட்டாங்கப்பா. நாளன்னைக்கு வந்துரும். அவன் கடலுக்குப் போகட்டும்."

கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. சுடுகாட்டுப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, உங்கப்பா ஐந்து நாள் ஆற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆறாம் நாள் உன் பெரியப்பா வந்தார்.

"எதுல தொறந்தான்னு பாத்தியாடா? காவிரிலதான தொறந்துருக்கான். இங்க எப்புடி வரும்?"

நீ சொன்னதேதான். நான்தான் காதில் வாங்கவில்லை.

உங்கப்பா என்னைத் திட்டவில்லை. கலயத்தை அவிழ்த்து எடுத்து வந்தார். இடுப்பளவு தோண்டியபின் கொஞ்சம் ஊறியது. கரைத்து மூடினோம். "வெள்ளம் வந்தா மணலோட இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன். அங்கே ஆள் உயரப் பள்ளம். மணலை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எந்த ஊரில் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறாயோ. நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கப்பாவிடமும்.

இன்று பாலத்துக்கு உங்கப்பாவும் வந்தார். சட்டைகூடப் போடாமல், துண்டோடு. ஆற்றைக் கும்பிட்டார்.

"இந்நேரம் எங்கடா இருப்பான்?"

"அணைக்கரைய தாண்டிருப்பான்ப்பா."

"கடலு?"

"நாளைக்குப் போயிருவான்."

தலையாட்டினார். இனி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் இதையே சொல்ல வேண்டும்.