ஈயக்கட்டிப் பாட்டு

1936 ஆகஸ்ட் 11, செவ்வாய். இரவு மணி ஒன்பதே முக்கால். இன்று ரப்பர்ப் பால் கொட்டகையில் நிறுவைக்கு நின்றவர்கள் எண்பத்து நான்கு பேர். அத்தனை பேரும் பாடினார்கள்.

"கல்லுத் தட்டு அடியில ஈயமடி – நாங்க
வெட்டி வந்த பாலு பாதி மாயமடி."

பால்வெட்டும் செல்லையா கட்டிய பாட்டு. தராசைப் பழுது பார்த்தபோது எடைக்கல் தட்டின் அடியில் ஈயக்கட்டி ஒட்டியிருந்ததைக் கண்டது நான். அவனிடம் மட்டும்தான் சொன்னேன். மடையன், அப்படியே பாட்டில் வைத்துவிட்டான்.

பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி நேராக என் இஞ்சின் அறைக்கு வந்தார். "தராச அவுத்தவன் நீ ஒருத்தன்தான். செல்லையாகிட்ட யாருடா சொன்னா?"

"தெரியாதுங்க."

"நாளைக்குத் தொரையே வந்து தராசப் பாக்கப் போறாரு. ஈயம் இல்லேன்னா பாட்டுக்காரன் பொய்யன். கோத்தா திங்கி போலீசு வரும். அப்புறம் ஊருக்குக் கப்பலுதான்."

கொட்டகைச் சாவி அவரிடம் இருக்கிறது. இரவோடு இரவாக ஈயத்தைக் கழற்றிவிடுவார். கள்ளுக்கடைக்கு எதிராகக் கட்டிய பாட்டுக்காக ஏற்கெனவே இரண்டு தோட்டங்களிலிருந்து செல்லையாவை விரட்டினார்கள். இம்முறை நாகப்பட்டினத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் லயத்தில் அவனைப் பிடித்துக் கத்தினேன். சிரிக்கிறான்.

"ஒங்க பேரப் போடலன்னு கோவமாண்ணே? அடுத்த அடியில போட்டுர்றேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் குரைத்தால்கூட விளக்கை அணைக்கிறேன்.

நாளை செய்ய வேண்டியவை:

1. கொட்டகை திறந்ததும் முதல் ஆளாகப் போய்த் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது.
2. ஈயம் இருந்தால், துரை வரும்வரை தராசை விட்டு நகராமல் நிற்பது.
3. இல்லாவிட்டால், அதைக் கண்ணால் கண்டவன் நான்தான் என்று துரையிடம் சொல்வது.
4. விடிந்ததும் மூன்றாவதை அடித்துவிடாமல் இருப்பது.